பழுதே இல்லாத வண்டி

மனிதர்களின் ஆயுளை நிர்ணயிக்கிற வேலை யார் கையில் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. சுகாதாரத் துறைக் கார்களின் ஆயுளை நிர்ணயிக்கிற வேலை மூன்று பேர் கொண்ட குழுவின் கையில் இருந்தது. வாகன ஆயுள் நிர்ணயக் குழு என்று பெயர். தலைவர் ஒருவர், தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர், பதிவேட்டு உறுப்பினர் ஒருவர். மூன்று பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று விதியிலேயே எழுதியிருந்தது.

நம்முடைய ஓட்டுநருக்கு இருபது வருட சர்வீஸில் இந்தக் குழுவைப் பற்றிய நினைப்பே வந்ததில்லை. அவருக்கு இருந்த கவலை எல்லாம் பிரேக்தான். மலையடிவார மருத்துவமனையின் வெள்ளைக் கார் அவர் கையில் இருந்தது. அதற்கு வயது பதினாறு. செவ்வாயும் வெள்ளியும் நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும். நர்ஸம்மாவின் மடியில் தடுப்பூசிப் பெட்டி இருக்கும். மொத்தம் பதினோரு கொண்டை ஊசி வளைவு. ஏறுவது எஞ்சின் பாடு, இறங்குவது பிரேக் பாடு. மேலிருந்து எண்ணினால் ஏழாவது வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. முன்பு இருந்தது, ஒரு லாரி போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நர்ஸம்மாவுக்கு நாற்பது வயது, வாய் மட்டும் பதினாறு. இறங்கும்போது ஐந்தாவது வளைவிலிருந்து எட்டாவது வளைவு வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓயாமல் பேசுவார். மகளின் பரீட்சை, பக்கத்து வீட்டு நாய், மாமியாரின் முழங்கால் என்று எதையாவது. பேச்சு நின்றால் பயம் வந்துவிடுமாம்.

"அண்ணே, எட்டு தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சும்மா. கண்ணைத் திறங்க."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கார் கெட்டுப்போனால் துறையின் பணிமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது முறை. அனுப்பினால் இரண்டு மாதம் திரும்பி வராது. அந்த இரண்டு மாதமும் மலைமேல் ஒரு குழந்தைக்கும் ஊசி கிடையாது. எதற்கு வம்பு என்று அவரே எல்லாவற்றையும் செய்தார். உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இதே மாடல் கார்கள் ஏழு நின்றன. எல்லாம் பெரிய அதிகாரிகளின் கார்கள், மூன்று வருடம் ஓடி ஆயுள் முடிந்தவை. அவற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இதில் மாட்டினார். முதல் ஐந்து வருடம் புது வண்டி, எதுவும் கெடவில்லை. அதற்குப் பிறகு வந்த பதினோரு வருடத்தில் சக்கரங்களின் பிரேக்கை எத்தனை முறை பிரித்து மாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. வண்டியின் பதிவேட்டில் 'பழுது பார்த்த விவரம்' என்ற பத்தி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்த வெள்ளைப் பத்திக்கு ஒரு வருடம் விருதே கொடுத்துவிட்டார்கள். 'பழுதே இல்லாத வண்டி' என்று கொட்டை எழுத்தில் ஒரு சான்றிதழ், கண்ணாடி போட்டு. மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தில் மாட்டினார். அந்த அளவுக்கு அது உபயோகப்பட்டது.

வினை எங்கிருந்து வந்தது என்றால், பெரிய அதிகாரிகள் மாடலை மாற்றியதிலிருந்து வந்தது. புதிதாக ஆயுள் முடிந்து வந்த கார்களின் பாகம் எதுவும் வெள்ளைக் காருக்குப் பொருந்தவில்லை. கடைகளிலும் பழைய மாடல் சாமான் நின்றுபோய் நாலு வருடம் ஆகிவிட்டது. பிரேக் ஆயில் கசியாமல் பிடித்து வைக்கிற ரப்பர் வாசரில் ஒரே ஒரு செட் மிச்சம். அதை வீட்டில் ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இது தீர்ந்தால் ஏழாவது வளைவில் தன் இரண்டு காலைத்தான் தரையில் ஊன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வேறு வண்டி கேட்டு மனு எழுதினார்.

மனு போன நான்காவது மாதம் குழு விசாரணைக்கு அழைத்தது. நீளமான மேசைக்கு ஒரு பக்கம் மூன்று பேர். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் 'ஓட்டுநர்' என்று அட்டை. இன்னொன்றில் 'வாகனம்' என்று அட்டை. ஓட்டுநர் உட்காரப் போனார்.

"இருங்க. வாகனம் வரட்டும்" என்றார் தலைவர்.

கடைநிலை ஊழியர் ஒருவர் கார் சாவியைத் தட்டில் ஏந்தி வந்து இரண்டாவது நாற்காலியில் வைத்தார். குழு எழுந்து நின்றது. ஓட்டுநரும், எதற்கு என்று புரியாமல், நின்றார். சாவி அமர்ந்த பிறகு எல்லாரும் அமர்ந்தார்கள்.

பதிவேட்டு உறுப்பினர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பதினாறு வருஷத்துல ஒரு பழுது கூட இல்லை."

"வண்டிக்கு வயசாயிடுச்சு சார்" என்றார் ஓட்டுநர்.

தொழில்நுட்ப உறுப்பினர் சிரித்தார். "வண்டி வயசை வருஷத்துல எண்ணுறது அந்தக் காலம். இப்பல்லாம் பழுதுலதான் எண்ணுறோம். நாற்பது பழுது ஆனா ஆயுள் முடிஞ்சுது. இது பூஜ்யம். எங்க கணக்குப்படி இது இன்னும் கம்பெனியை விட்டு வெளியவே வரலை."

"அப்படின்னா உங்க வண்டிங்களை மட்டும் மூணு வருஷத்துல மாத்துறீங்களே சார்?"

கேட்ட பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது. ஆனால் தலைவர் கோபப்படவே இல்லை. கூட்டத்தில் பேசுகிற குரலில் பொறுமையாக விளக்கினார்.

"நல்ல கேள்வி. நாங்க முடிவெடுக்குற இடத்துல இருக்கோம். எங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, உங்க வண்டி ஓடலாமா கூடாதான்னு யார் முடிவெடுப்பா? எங்களுக்காகவா மாத்துறோம்? உங்களுக்காகத்தான் மாத்துறோம்."

"அப்போ கழிச்ச வண்டியில ஒண்ணைக் கொடுத்தாக்கூடப் போதும் சார். புது மாடல் நாலு நிக்குது. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

தலைவரின் முகம் வாடிப்போனது. "என்ன பேச்சு பேசுறீங்க? அதெல்லாம் ஆயுள் முடிஞ்ச வண்டி. ஆயுள் முடிஞ்ச வண்டியில உங்களையும் ஒரு நர்ஸையும் ஏத்தி மலைக்கு அனுப்புவோமா? எங்களுக்கு மனசாட்சி இல்லையா? உங்க உயிர் என்ன அவ்வளவு லேசாப் போச்சா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று ஓட்டுநர் உண்மையைப் போட்டு உடைத்தார். பழுது இல்லாமல் இல்லை, எல்லாம் நானே சரி பண்ணினேன், என் கையை எடுத்துவிட்டால் அந்த வண்டி நிற்காது என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மனது லேசானது. இனி புரிந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

பதிவேட்டு உறுப்பினர் பேனாவை மூடினார்.

"அனுமதி இல்லாம அரசாங்க வண்டியைப் பிரிச்சிருக்கீங்க."

"சரி பண்ணினேன் சார்."

"பதினோரு வருஷம் பிரிச்சிருக்கீங்க. எங்க பதிவேட்டை ஏமாத்தி இருக்கீங்க. உங்களுக்கு விருது வேற கொடுத்திருக்கோம். அதைத் திருப்பிக் கொடுங்க."

அன்றைக்கே தீர்ப்பு ஆனது. ஒன்று, வண்டியின் உண்மையான உடல்நிலையை அறியும் பொருட்டு ஆறு மாதம் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இரண்டு, கை வைக்காமல் இருப்பதை உறுதி செய்ய முத்திரை இடப்படும். மூன்று, அதுவரை வண்டி தகுதியுள்ளதாகவே கருதப்பட்டு வழக்கம்போல் ஓட வேண்டும்.

மறுநாள் முத்திரைக்காரர் வந்தார். பானட்டில் நூல் கட்டி அரக்கு உருக்கி ஊற்றினார். அப்புறம் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் நூலால் சுற்றி ஆளுக்கொரு சொட்டு.

"ஓடுற சக்கரத்துல அரக்கு நிக்குமா சார்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"நிக்கணும். விழுந்தா உங்க பொறுப்பு."

"பஞ்சர் ஆனா?"

"மனு கொடுங்க."

நர்ஸம்மா இதைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன அண்ணே, வண்டியைப் பார்சல் பண்ணிட்டாங்க?" பிறகு ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் மாதம் மிதி மெத்தென்று இறங்க ஆரம்பித்தது. ஒரே மிதியில் நிற்கிற வண்டிக்கு இரண்டு மிதி தேவைப்பட்டது. ஓட்டுநர் குழுவுக்கு எழுதினார். 'கவனிப்பில் உள்ளது' என்று பதில் வந்தது. பணிமனைக்கு எழுதினார். 'குழுவின் கவனிப்பில் உள்ள வண்டியைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று பதில் வந்தது. மூன்றாம் மாதம் மூன்று மிதி. அவர் மறுபடி எழுத, குழுவே நேரில் வந்தது. மருத்துவமனை முற்றத்தில், மட்டமான தரையில், ஆள் நடக்கிற வேகத்தில் காரை ஓட்டச் சொன்னார்கள். தலைவர் கையைத் தூக்கினார். ஓட்டுநர் மிதித்தார். கார் நின்றது.

"நிக்குதே" என்றார் தொழில்நுட்ப உறுப்பினர்.

"இது தரை சார். மலையில வந்து பாருங்க. ஒரு தடவை கூட உக்காந்து வாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர்தான் பேசினார். "பிரேக் சரியில்லைன்னு நீங்களே எழுத்துல கொடுத்திருக்கீங்க. அப்படிப்பட்ட வண்டியில குழு மலைக்கு ஏறுறது விதிக்கு விரோதம்."

அப்புறம் 'தகுதியுள்ளது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் புதிய காரில் ஏறிப் போனார்கள்.

அடுத்த செவ்வாய் ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை மெமோ வந்தது. தகுதியுள்ள வண்டியை ஓட்ட மறுத்தது ஏன், பணி நீக்கம் செய்யாதிருக்கக் காரணம் காட்டு என்று. மனைவி அதை இரண்டு முறை படித்தார்.

"வேலை போனாப் போகட்டும். நீங்க போகாதீங்க" என்றார்.

"நான் போகலைன்னா வேற ஒருத்தனை அனுப்புவாங்க. அவனுக்கு இந்த வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். வாசலில் நின்ற காரின் முன்சக்கரத்துக்கு அருகே போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேர வேலை. ஸ்குரூ டிரைவரின் நுனியை அரக்கில் வைத்தார். முத்திரையில் துறையின் சின்னம் பளபளவென்று இருந்தது. சட்டைப் பையில் மெமோ இருந்தது. முத்திரையை உடைத்தால் இரண்டாவது குற்றம். ஏற்கெனவே பதினோரு வருடக் குற்றம் தலைக்குமேல் தொங்குகிறது. கை பின்வாங்கியது. மெதுவாகப் போய் மெதுவாக வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, டப்பாவைத் திரும்ப மேலே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"செவ்வாய்க்கிழமையே போகலை அண்ணே. மேல பிள்ளைங்களைத் தூக்கிட்டு வந்து காத்துக் கிடப்பாங்க" என்றார் நர்ஸம்மா, ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தபடி.

மேலே அறுபத்திரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். இறங்கும்போது நான்காவது வளைவு வரை முதல் கியரிலேயே ஊர்ந்தார். ஐந்தில் நர்ஸம்மா கண்ணை மூடினார். மகள் நர்ஸ் படிப்புக்கே போகிறேன் என்று அடம்பிடிக்கிறாளாம். "வேற படிப்பே இல்லையாடின்னேன் அண்ணே. நீ மட்டும் தினமும் சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போறியேன்னு கேக்குறா." ஆறாவது வளைவில் மிதி தரை வரை போய், மேலே வரவே இல்லை. கியர் உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கைப்பிரேக்கை இழுத்தார், கம்பி அறுந்து கையோடு வந்தது. மலைப்பக்கம் மோதி நிறுத்திவிடலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். மோதியது, திரும்பியது, ஏழாவது வளைவின் விளிம்பில் ஒரு மரத்தில் இடது பக்கமாகப் போய் நின்றது. நர்ஸம்மா உட்கார்ந்திருந்த பக்கம்.

"நர்ஸம்மா, பேசுங்க" என்றார் ஓட்டுநர். "ஏதாவது பேசுங்கம்மா."

ஆள் வருகிற வரைக்கும் அவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

குழு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்தது. ஓட்டுநருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் அட்டையும் சாவியும் வைத்தார்கள். தலைவர் உண்மையாகவே கண் கலங்கியிருந்தார்.

"எவ்வளவு பெரிய இழப்பு" என்றார். "ஆறு மாசக் கவனிப்பு, நாலாவது மாசத்துலேயே நின்னு போச்சு. இனி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"பிரேக் போச்சு சார்" என்றார் ஓட்டுநர். "இப்பவாவது எழுதுங்க. அந்தம்மா செத்தது பிரேக்கால."

"எழுத முடியாது. குழு முன்னாடி பிரேக் நின்னுச்சு. கையெழுத்தே போட்டிருக்கோம்."

அறிக்கை பத்து நாளில் வந்தது. அவ்வளவு சுறுசுறுப்பாக அந்தக் குழு எதையும் செய்ததில்லை. தடுப்பூசிப் பெட்டிக்குச் சேதம் இல்லை என்று முதல் வரியிலேயே மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள். விபத்து வேறு, பழுது வேறு என்பதால் 'பழுது பார்த்த விவரம்' பத்தியில் இது சேராது. விபத்தால் உடைந்தவற்றை உடனே மாற்றலாம். அதன்படி முன்கதவு, கண்ணாடி, கைப்பிரேக் கம்பி, முன்னிருக்கையின் உறை ஆகியவை புதிதாகப் போடப்பட்டன. பிரேக் விபத்துக்கு முன்பே கெட்டிருந்ததாக ஓட்டுநரே எழுத்தில் கொடுத்திருக்கிறபடியால் அது விபத்துச் சேதம் ஆகாது, எனவே மாற்றப்படவில்லை, ஆயில் மட்டும் ஊற்றப்பட்டது. புதிய பாகங்கள் ஏறியதால் வண்டியின் ஆயுள் ஆறு வருடம் நீட்டிக்கப்பட்டது. முத்திரைகள் மீண்டும் இடப்பட்டன.

ஓட்டுநரின் விஷயத்தில் குழுவுக்கு வேலையே இல்லை. மருத்துவ அதிகாரி ஒருவர் காலைப் பார்த்தார், ஒரு படிவத்தை எடுத்தார். ஓட்டுநர்களுக்கென்று தனிப் படிவம் அச்சடிக்கவில்லை போலிருக்கிறது. 'வாகனம்' என்ற இடத்தையெல்லாம் அடித்து 'ஓட்டுநர்' என்று எழுதி, 'ஆயுள் முடிந்தது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். எட்டு நிமிடம். பதினாறு வருடக் காருக்குக் கிடைக்காதது அவருக்கு எட்டு நிமிடத்தில் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார். நிற்பதற்கு முன் இரண்டு முறை மிதிக்கிற சத்தம். இறங்கியவர் நடுவயதுக்காரர், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்த ஓட்டுநர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. மிதி மெத்துன்னு இறங்குது. நாளைக்கு செவ்வாய்க்கிழமை. மேல போகணும். புது நர்ஸ் வந்திருக்காங்க, சின்னப் பொண்ணு."

உள்ளிருந்து மனைவி வேகமாக வந்தார். "இவரைக் கேக்காதீங்க. போதும்." கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க கை வைக்காதீங்க. வச்சா அந்தச் சனியன் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அவங்க மாத்தவே மாட்டாங்க."

"மாட்டாங்க" என்றார் ஓட்டுநர். "அலமாரி மேல ஒரு டப்பா இருக்கு. எடுத்துக் கொடு."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எடுத்து வந்தார்.

ஓட்டுநர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, புதியவரின் தோளைப் பிடித்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்குரூ டிரைவரை அரக்கில் வைத்து ஒரு தட்டு தட்டினார். முத்திரை பொட்டென்று உடைந்து மண்ணில் விழுந்தது. இவ்வளவுதான். இவ்வளவு லேசாக உடைகிற சாமான்.

"ஐயையோ, முத்திரை அண்ணே" என்றார் புதியவர். "எனக்கு மெமோ வருமே. மூணு பிள்ளைங்க. பதிவேட்டுல வேற எழுதணுமா?"

ஓட்டுநர் டப்பாவைத் திறந்து ரப்பர் வாசர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் இவை இதே டப்பாவில்தான் இருந்தன. ஒரு மணி நேர வேலை.

"ஜாக்கி எடு" என்றார். சக்கரம் மேலே எழும்பியதும் காருக்கு அடியில் படுத்தார்.